சனிக்கிழமைக் கூலி தவறாமல் சர்வரை மாற்றுவது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டத்துக்கு அருகில் எங்கள் குடும்பம் இரண்டு முந்திரி ஆலைகளை நடத்தி வருகிறது. ஏறக்குறைய முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை மாலையில் வாரக் கூலி கொடுக்கிறோம். அலுவலகத்து எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான கோப்புகளை வைத்திருக்கும் சர்வர் பதினொரு ஆண்டுகள் பழையது. அதில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 இருக்கிறது. கணக்குக்கு டேலியும், கூலிக்கு என் தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் எழுதி வாங்கிய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்து ஃபாக்ஸ்ப்ரோ நிரலும் பயன்படுகின்றன. கூலிப் பிரிவின் கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான். அண்மையில் சர்வர் இரண்டு முறை தானாக நின்றுவிட்டது. சர்வர், கணினிகள், நெட்வொர்க், கூலி மென்பொருள் எல்லாவற்றையும் கிறிஸ்துமஸ் விடுமுறையின் மூன்று நாட்களில் மாற்றி, தரவு முழுவதையும் கிளவுடுக்கு (இணையம் வழியே பயன்படுத்தும் வேறு நிறுவனத்தின் சர்வர்களுக்கு) கொண்டுபோய்விடலாம் என்று ஒரு விற்பனையாளர் விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். ஓடுகிற வரை ஓடட்டும் என்கிறார் அப்பா. நான் எதைச் செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், விளவங்கோடு வட்டம்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் சர்வரைப் பற்றி எழுதியிருப்பவற்றைக் காட்டிலும், சனிக்கிழமை மாலையில் கூலி கொடுக்கிறோம் என்று நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட வரிதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. நம் மாவட்டத்தில் அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போகும் பெண்களின் வீடுகளில் சீட்டுப் பணமும், சுய உதவிக் குழுவின் தவணையும், ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் அந்த மாலையை நம்பியே இருக்கின்றன. வாரம் முழுவதும் உடைத்ததும் தோலுரித்ததும் எத்தனை கிலோ என்ற கணக்கு ஒரு சனிக்கிழமை திறக்காமல் போனால், இழப்பு உங்களுக்கு மட்டும் வருவதில்லை. ஆகவே எந்த சர்வரை வாங்குவது என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொண்டு, எந்த வேலை எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மின்னஞ்சல் ஒரு நாள் நிற்கலாம். டேலி, மாதத்தின் சில நாட்களைத் தவிர, இரண்டு நாட்கள்கூட நிற்கலாம். எடைப் பதிவு அரை நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. சனிக்கிழமை பிற்பகல் கூலிப் பட்டியல் ஒரு மணி நேரம்கூட நிற்கக்கூடாது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; பிறகு வரும் முடிவுகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தாளே அளவுகோல்.

உங்கள் தந்தையாரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அவர் சொல்லும் வழியில் நீண்ட நாள் போக முடியாது. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்துவிட்டது. பணம் கட்டிப் பெறும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரையே. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு நின்றுவிட்டது. ஆதரவு நிற்பதால் கணினி நின்றுவிடுவதில்லை என்பதால்தான் இதன் ஆபத்து பலருக்குப் புரிவதில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் இனி வாரா என்பதே இதன் பொருள். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. என்ற முறையின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. அந்த ஓட்டைக்கான திருத்தம் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே வெளிவந்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களும், போட்டுக்கொள்ள வழியில்லாத பழைய பதிப்புகளை வைத்திருந்தவர்களுமே பெரும்பாலும் சிக்கினார்கள். மாற்றியாக வேண்டும் என்பதில் உங்கள் விற்பனையாளர் சொல்வது சரி. மூன்று நாட்களில் நான்கையும் மாற்றலாம் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. நான்கையும் ஒன்றாக மாற்றிய பிறகு திங்கட்கிழமை காலை எடைப் பதிவு வேலை செய்யவில்லையென்றால், கோளாறு சர்வரிலா, கேபிளிலா, கணினியிலா, மென்பொருளிலா என்று தேடுவதற்கே அந்த வாரம் போய்விடும்.

எதையும் வாங்குவதற்கு முன், எதையும் கழற்றுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். தினமும் பேக்கப், அதாவது தரவின் படி, எடுக்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். அதிலிருந்து எப்போதாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா என்பதே என் கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு சர்வர் மாற்றும் வேலையை நான் ஏற்றுக்கொண்டபோது, ஒவ்வொரு இரவும் பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது என்ற செய்தி திரையில் வந்துகொண்டிருந்ததை நம்பி, பழைய டிஸ்க்கை அழிக்கச் சொல்லிவிட்டேன். கணக்கு மென்பொருளின் கோப்புறை பதினான்கு மாதங்களுக்கு முன் வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. பேக்கப் மட்டும் பழைய இடத்தை, யாரும் தொடாத பழைய கோப்புகளை, ஒவ்வொரு இரவும் ஒழுங்காகப் படியெடுத்துக்கொண்டிருந்தது. அச்சிட்ட பில்களிலிருந்து மூன்று பேர் பத்தொன்பது நாட்கள் உட்கார்ந்து பதினான்கு மாதக் கணக்கை மறுபடி தட்டச்சு செய்தார்கள். அந்தப் பிழை என்னுடையது. திரும்ப எடுத்துப் பார்க்காத படியைப் படியென்று எண்ணியது என் பிழை. அன்றிலிருந்து, மீட்டெடுத்துக் காட்டாத எந்த சர்வரையும் நான் தொடுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. உங்கள் பழைய கூலி நிரலும் ஓடக்கூடிய வேறொரு கணினியை இரவல் வாங்கி, அலுவலக நெட்வொர்க்கில் இணைக்காமல் தனியே வைத்து, உங்கள் பேக்கப் டிஸ்க்கிலிருந்து மட்டும் டேலி தரவையும் கூலிக் கோப்புகளையும் அதில் இறக்குங்கள். டேலியில் சென்ற மாத இருப்பைப் பாருங்கள். சென்ற சனிக்கிழமையின் கூலிப் பட்டியலைத் திறந்து, கையெழுத்து வாங்கிய தாளோடு தொழிலாளரின் டிக்கெட் எண் வாரியாகப் பத்துப் பேருக்காவது ஒப்பிடுங்கள். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணி நேரம் ஆனதென்றால், சர்வர் இன்றே கெட்டுப்போனாலும் ஒன்பது மணி நேரம் வேலை நிற்கும் என்று பொருள். முதலில் எழுதிய தாளோடு அந்த எண்ணை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு என்ன தேவை என்பது விற்பனையாளர் சொல்லாமலே தெரிந்துவிடும். திரும்ப எடுக்கவே முடியவில்லையென்றால், சர்வர் மாற்றம் பற்றிய பேச்சை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று. பேக்கப் டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே செருகியிருக்கிறது என்றால், சர்வரைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு டிஸ்க்குகளை வாரத்துக்கொன்றாக மாற்றி, ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒரு பேக்கப் படி மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆலையின் வாசலிலிருந்து நடந்து செல்லுங்கள். விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி எந்தக் கணினியோடு பேசுகிறது, எடை இயந்திரத்தின் கேபிள் எதில் செருகியிருக்கிறது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எந்த வழியாக இணைந்திருக்கிறது, மென்பொருள் உரிமத்துக்கான டாங்கிள் என்ற சிறு செருகி யாருடைய மேசையின் பின்னால் தொங்குகிறது, ஏற்றுமதி ஆவணங்களுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் யார் கையில் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பழைய எடை இயந்திரங்கள் பெரும்பாலும் சீரியல் போர்ட் வழியே இணைபவை. இன்று வாங்கும் கணினிகள் பலவற்றில் அந்தப் போர்ட் கிடையாது. யு.எஸ்.பி. மாற்றி ஒன்று சில நூறு ரூபாய்தான். ஆனால் உங்கள் எடை இயந்திரத்தோடு அது ஒத்துப்போகிறதா என்பதை முன்கூட்டியே சோதிக்காவிட்டால் அந்தச் சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக ஒரு காலைப்பொழுது முழுவதும் பெண்கள் வரிசையில் நிற்க நேரும். அதேபோல், ஜி.எஸ்.டி. பில்களைப் பதிவுசெய்யும் இ-இன்வாய்ஸ் தளத்துக்குள் நுழைவதற்கான ஓ.டி.பி. யாருடைய கைப்பேசிக்குப் போகிறது என்றும் பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம்; 2025 ஏப்ரல் 1 முதல் அந்தத் தளத்தில் எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயமாகிவிட்டது. வேலையை விட்டுப்போன கணக்காளரின் எண்ணிலேயே அது இருப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தரும் பொருளுக்கு வருகிறேன்: கூலி நிரல். உங்கள் சர்வரில் இருப்பது டாஸ் நிரல்களை நேரடியாக ஓட்டாத 64 பிட் இயங்குதளம் என்பதால் அந்த டாஸ் நிரல் சர்வரில் ஓடவில்லை; எக்ஸ்பி கணினியில் ஓடிக்கொண்டு, தரவுக் கோப்புகளை மட்டும் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்பிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு முறை எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பு மட்டுமே. இன்று விற்பனையாகும் விண்டோஸ் சர்வர் பதிப்புகளில் அந்த முதற்பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஆகவே புதிய சர்வரை வைத்த அன்றிரவு கூலிக் கணினிக்கு சர்வரே கண்ணில் படாது. விடியற்காலை இரண்டு மணிக்குக் களைத்துப்போயிருக்கும் பொறியாளர், வேலை முடிந்தால் போதும் என்று புதிய சர்வரில் அந்தப் பழைய முறையைத் திறந்துவிடுவார். வானாக்ரை நுழைந்த அதே கதவை, இலட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய புதுப் பொருளில் திறந்து வைத்ததாகிவிடும். இது நடக்கக்கூடாது என்பதை எழுத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்பி கணினிக்குப் பதிலாக விண்டோஸ் 11 கணினியை வைப்பதும் தீர்வாகாது. விண்டோஸ் 11 க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடா. இடைக்கால ஏற்பாடாக, அந்த எக்ஸ்பி கணினியை அப்படியே ஒரு மெய்நிகர் கணினியாக (வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியாக) மாற்றி, கூலித் தரவையும் அதற்குள்ளேயே வைத்து, இணையத்தோடும் அலுவலக நெட்வொர்க்கோடும் தொடர்பில்லாமல் புதிய கணினி ஒன்றினுள் ஓடவிடலாம். அச்சிடுவதில் மட்டும் சிறிது பாடுபட வேண்டியிருக்கும். இது ஆறு மாதத்துக்கான ஊன்றுகோல். அந்த ஆறு மாதத்துக்குள் புதிய கூலி மென்பொருள் வந்துவிட வேண்டும்.

அந்த மென்பொருளுக்கான விதிகள் எங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நிரலை எழுதியவரை இப்போது தேடிப் பிடிக்க முடியுமா என்பது சந்தேகம். முழுப் பருப்புக்கு ஒரு வீதம், உடைந்த பருப்புக்கு வேறு வீதம், பஞ்சப்படி, பாதி நாள் வந்தவருக்கு என்ன கணக்கு, பைசாவை எங்கே முழுமையாக்குவது என்பன எல்லாம் உங்கள் தந்தையாரின் நினைவிலும் கூலிக் கணக்கரின் பழக்கத்திலும்தான் இருக்கும். இருவரையும் இரண்டு மூன்று மாலைகள் உட்காரவைத்து, ஒவ்வொரு விதியையும் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கோடு எழுதி வாங்குங்கள். ஓடுகிற வரை ஓடட்டும் என்று சொல்பவரிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை; இந்த ஆலையின் கூலிக் கணக்கு அவர் கட்டியெழுப்பியது, அதை எழுத்தில் கொண்டுவராமல் எதையும் மாற்றமாட்டோம் என்று சொல்லிப் பாருங்கள். மாற்றத்தை அஞ்சும் மூத்தவர்கள் பலர் உண்மையில் அஞ்சுவது தங்களுக்குத் தெரிந்த ஒன்று மதிப்பின்றிப் போய்விடுமோ என்றுதான். அவருடைய அறிவு இந்த வேலைக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது.

புதிய மென்பொருள் வந்ததும் குறைந்தது நான்கு சனிக்கிழமைகளுக்குப் பழையதிலும் புதியதிலும் கூலி கணக்கிட்டு, ஒவ்வொரு டிக்கெட் எண்ணுக்கும் தொகை பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பணம் பழைய கணக்கின்படியே கொடுக்கப்படட்டும். ஐந்து ரூபாய் வேறுபாடு வந்தாலும் காரணம் தெரியாமல் விட்டுவிடாதீர்கள். நாள் முழுவதும் உட்கார்ந்து தோலுரித்தவருக்கு ஐந்து ரூபாய் குறைந்தால் அவர் கவனிப்பார். கவனித்தும் கேட்கத் தயங்குபவர்களும் இருப்பார்கள். பெயர்களிலும் ஒரு சிக்கல் வரலாம். பழைய நிரலிலோ அதன் பட்டியல்களிலோ தொழிலாளர் பெயர்கள் யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் இருந்தால், புதிய மென்பொருளில் அவை பொருளற்ற குறிகளாகத்தான் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் முந்நூறு பெயரையும் ஒருவர் கண்ணால் பார்த்து, பி.எஃப். கணக்கிலும் ஆதாரிலும் உள்ள பெயரோடு ஒப்பிட்ட பிறகே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பது நம் ஊரில் புதிதல்ல.

கிளவுடைப் பற்றி என் கருத்து இது: மின்னஞ்சலும், அலுவலகக் கோப்புகளும், பேக்கப்பின் மூன்றாவது படியும் கிளவுடுக்குப் போகட்டும், எடைப் பதிவும் கூலிக் கணக்கும் ஆலைக்குள்ளேயே இருக்கட்டும். நம் மாவட்டத்தில் வாழ்ந்து பெற்ற அனுபவத்திலிருந்து இதைச் சொல்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது ரப்பர் மரங்கள் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. அந்தக் கம்பங்களில் தொங்கிய இணையக் கேபிள்களும் அறுந்தன. ஜெனரேட்டரை ஓட்டி ஆலையை நடத்த முடிந்தாலும், கூலிக் கணக்கு இணையத்துக்கு அப்பால் இருந்திருந்தால் பட்டியலை எடுத்திருக்க முடியாது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் போதும் என்பவர்கள், அந்த இரண்டு கேபிளும் தெருமுனையில் ஒரே கம்பத்தில் ஏறுகின்றனவா என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவது வழியாகக் கைப்பேசி வலையமைப்பின் தரவு இணைப்பையே நான் பரிந்துரைப்பேன். அதே காரணத்தால் பேக்கப்பின் மூன்றாவது படியைத் திருவனந்தபுரத்தில் வைப்பதும் போதாது. ஒக்கி அந்த மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. பெரிய கிளவுடு நிறுவனங்களுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் சென்னையிலும் தரவு மையங்கள் இருக்கின்றன. உங்கள் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானதென்றால், கணக்குப் புத்தகங்களின் படி இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு என்பதால், எந்த மையம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

மூன்று நாட்களில் தரவு முழுவதும் மேலே போய்விடும் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தரவு 400 ஜிகாபைட் என்றும், உங்கள் இணைப்பின் மேலேற்றும் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றும் வைத்துக்கொண்டால், இடையில் ஒரு நொடிகூட அறுபடாமல் போனாலும் 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விளம்பரத்தில் சொல்லப்படும் வேகம் பெரும்பாலும் கீழிறக்கும் வேகம். மேலேற்றும் வேகத்தைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்வர் இரண்டு முறை தானாக நின்றதற்கு சர்வர்தான் காரணமா என்பதே இன்னும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. யூ.பி.எஸ். பேட்டரிகளை எப்போது மாற்றினீர்கள்? இவ்வகை பேட்டரிகளின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அதுவும் குளிர்ந்த அறையில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு எட்டுப் பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். எர்த்திங்கை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வறுக்கும் கொட்டகைக்கும் அலுவலகத்துக்கும் இடையே முற்றத்தின் குறுக்கே செம்புக் கேபிள் போயிருந்தால், அதை ஆப்டிகல் ஃபைபராக மாற்றுங்கள்; சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிமின்னலின் அதிர்வு அந்தச் செம்பு வழியாகவும் வந்து சுவிட்சுகளையும் சர்வரையும் எரிக்கிறது, கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. முந்திரித் தோட்டு எண்ணெயின் புகை படியும் இடத்தில் சர்வரை வைக்கவே கூடாது. இந்த வேலைகள் எல்லாம் சர்வர் மாற்றத்துக்கு முந்தியவை, செலவும் குறைவு. எர்த்திங் கெட்டிருந்தால், புதிய சர்வரை அதில் இணைத்தாலும் அதுவும் தானாக நிற்கக்கூடும்.

நாள் குறிப்பதில் கிறிஸ்துமஸ் விடுமுறையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆலை மூடியிருக்கும் நாட்களில் நம் மாவட்டத்தில் மற்றவையும் மூடியிருக்கும். ஒரு பவர் சப்ளை எரிந்தால் நாகர்கோவிலில் கடை திறந்திருக்காது, மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணில் மூத்தவர்கள் இருக்க மாட்டார்கள், உங்கள் பொறியாளருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஜி.எஸ்.டி. ஆண்டு அறிக்கைக்கும் டிசம்பர் 31 கடைசி நாள். மாதத்துக்குள் பார்த்தால் 7ஆம் தேதி டி.டி.எஸ்., 11ஆம் தேதி விற்பனை அறிக்கை, 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. வரி என்று வரிசையாக வருகின்றன. மிச்சமிருப்பது 20ஆம் தேதிக்குப் பிந்தைய வாரம். மார்ச் கணக்கு முடிக்கும் மாதம். மழையும் மின்னலும் குறைந்து, பொங்கலும் கழிந்த பின் வரும் ஜனவரியின் கடைசிச் சனி, ஞாயிறு உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. தவறினால் பிப்ரவரியில் அதே வாரம், மண்டைக்காடு மாசிக் கொடையோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரி ஞாயிற்றில் சர்வரை மட்டும் மாற்றுங்கள். பிப்ரவரியில் மற்றக் கணினிகளை வாரத்துக்கு இரண்டாக மாற்றலாம். அவற்றில் விண்டோஸ் 10 இருந்தால் அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால் பழைய கணினிகள் பலவற்றை மேம்படுத்த முடியாது, வாங்கத்தான் வேண்டும். கூலி மென்பொருளின் இரட்டைக் கணக்கு பிப்ரவரி, மார்ச்சில் நடக்கட்டும். புதிய கணக்கின்படி பணம் கொடுப்பது ஏப்ரலில்.

மாற்றும் சனிக்கிழமை, கூலி கொடுத்து முடித்த பிறகே வேலை தொடங்க வேண்டும். கடைசிப் பேக்கப்பை எடுத்து, அது திறக்கிறதா என்று வேறு கணினியில் பார்த்த பிறகு பழைய சர்வரை அணைக்கலாம். அதை அழிக்கவோ, அதன் டிஸ்க்கை எடுத்து வேறொன்றுக்குப் பயன்படுத்தவோ இரண்டு மாதத்துக்கு யாரையும் அனுமதிக்காதீர்கள். ஞாயிறு பிற்பகல் 2 மணி என்று ஒரு வரம்பு வையுங்கள். அந்நேரத்துக்குள் எடைப் பதிவும், சென்ற வாரக் கூலிப் பட்டியலும், டேலியும், ஒரு சோதனை அச்சும் சரியாக வந்துவிட்டால் தொடரலாம். வராவிட்டால், இன்னும் அரை மணி நேரம் என்று யார் கேட்டாலும் பழைய சர்வருக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த முடிவை எடுப்பவர் நீங்களாக இருங்கள், பொறியாளரிடம் விடாதீர்கள்; வேலையில் மூழ்கியிருப்பவருக்கு முடிவு எப்போதும் அருகில் இருப்பதுபோலவே தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. திங்கட்கிழமை காலை புதிய சர்வரில் எடைகள் பதியத் தொடங்கிவிட்டால் திரும்பும் வழி குறுகிவிடும். திரும்பினால் அன்றைய பதிவுகளைக் கையால் பழையதில் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் முதல் வாரம் முழுவதும் எடைகளைத் தாளிலும் எழுதிவையுங்கள்.

சர்வரைப் பொறுத்தவரை, பதினைந்து இருபது கணினிகள் உள்ள உங்களுக்கு 32 ஜிகாபைட் நினைவகமும், ஒன்றுக்கொன்று பிரதியாக இயங்கும் இரண்டு எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகளும் கொண்ட தொடக்கநிலை டவர் சர்வர் ஒன்று போதும். இரண்டு டிஸ்க் இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும். வாரண்டியில் மறுநாளே வந்து சரிசெய்வோம் என்று இருந்தால், அது மார்த்தாண்டத்துக்கும் பொருந்துமா, பொறியாளர் எந்த ஊரிலிருந்து வருவார் என்று எழுதிக் கேளுங்கள். உரிமங்கள் உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். நிர்வாகக் கடவுச்சொற்களை மூடிய உறையில் வாங்கி அலமாரியில் பூட்டி வையுங்கள். தொகையில் பத்தில் ஒரு பங்கை, புதிய சர்வரின் பேக்கப்பிலிருந்து தரவை உங்கள் கண்முன் மீட்டெடுத்துக் காட்டி, நான்கு சனிக்கிழமைகள் தடையின்றிக் கழிந்த பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் சேருங்கள். நல்ல விற்பனையாளர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

டிக்கெட் எண், எடை, தரம், வீதம், தொகை, கையெழுத்து என்று கட்டம் போட்ட வெற்றுத் தாள்களை, முந்நூறு பேருக்கும் இரண்டு வாரத்துக்குப் போதுமான அளவில் இப்போதே அச்சிட்டுக் கூலிப் பிரிவில் வைத்துவிடுங்கள். கூலிக் கணக்கர் ஒரு சாதாரண சனிக்கிழமை, கணினியில் பட்டியல் தயாராகும் அதே நேரத்தில், ஒரு பத்துப் பேருக்கான கூலியைக் கால்குலேட்டரை வைத்து அந்தத் தாளில் போட்டுப் பார்க்கட்டும். ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டால், மாற்றத்துக்குப் பிந்தைய முதல் சனிக்கிழமை கணினி கைவிட்டாலும் மாலைக்குள் கூலி கொடுக்க எத்தனை பேரை உட்காரவைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.